ப்ராசஸர் இன்னும் முடிவாகவில்லை

மார்ச் 28, வியாழன்

இது ரெஜினா ஜனவரியில் கொடுத்த டைரி. அவள் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். எங்கள் ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் எல்லோருக்கும் வருஷா வருஷம் ஒன்று வந்துவிடும். என்னுடையது எப்போதும் மிக்ஸி ஆடாமலிருக்க அதன் அடியில் போய்விடும். இந்த வருஷம் எழுதிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். மிக்ஸி ஆடினால் ஆடட்டும்.

மிதுனுக்குப் பிளஸ் ஒன் பரீட்சை முடிந்தது. அவனாகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, அவன் அப்பாவோடு இருக்கிற மெட்ராஸிலிருந்து "ம்" என்று வாட்ஸப்பில் வந்தது. வார்த்தைக்குக் காசு கேட்கிற மாதிரிதான் என் பிள்ளை பேசுவான்.

மே மாதம் பதினைந்து நாள் அவன் ஈரோட்டில் என்னோடு இருக்க வேண்டும். விவாகரத்து ஆர்டரில் அப்படித்தான் இருக்கிறது, பதினெட்டு வயது வரைக்கும். இந்த அக்டோபரில் பதினெட்டு முடிகிறது. ஆக, இது கடைசி மே. அதற்குப் பிறகு அவனாக வந்தால் உண்டு. வராவிட்டால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

போன வருஷம் வந்தான். மூன்றாம் நாளே பையைக் கட்டிவிட்டான். "இங்க சிஸ்டம் இல்லம்மா. போரடிக்குது" என்றான். அவனுக்காகப் போட்ட லீவு மிச்சமிருந்தது. ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்றித் துவைத்தேன். அழுக்காகத்தான் இருந்தன.

இந்த வருஷம் சிஸ்டம் இருக்கும். அவன் விளையாடுகிறதெல்லாம் ஓடுகிற மாதிரி ஒன்று. "கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போறேன் கண்ணு" என்று அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரே வார்த்தை வந்தது. "ப்ராசஸர்?"

மார்ச் 30, சனி

ஆபீஸ் முடிந்து ப்ரப் ரோட்டுக்குப் போனேன். மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் பெயர் கிருபாகரன். முப்பது வயதிருக்கும், காதில் கடுக்கன், பேச்சில் மட்டும் மரியாதைக்குக் குறைவில்லை.

"சொல்லுங்க்கா, என்ன ரேஞ்சுல பாக்கறீங்?"

"ரொம்பப் பெருசும் வேண்டாம், மட்டமாவும் வேண்டாம். பையன் விளையாடறதுக்கு."

"மீடியம் பட்ஜெட் கேமிங்குங்க. சரிங்க்கா. ப்ராசஸர் முடிவு பண்ணீட்டீங்கன்னா மத்ததெல்லாம் அதுக்குத் தக்கன போட்டுக்கலாமுங். தம்பி என்ன கேம் வெளையாடறாப்ல?"

எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளை என்ன விளையாடுகிறான் என்பது தெரியாமல் ஒரு கடையில் நிற்பது நன்றாக இல்லை. "கேட்டுச் சொல்றேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். கிருபாகரன் ஒரு தாளில் இரண்டு பெயர் எழுதிக் கொடுத்தார். ஒன்று ஐ5, கடைசியில் எஃப் என்று போட்டது. இன்னொன்று ரைசன் 7600. அதைப் படம் எடுத்து மிதுனுக்கு அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து குக்கர் வைக்கும்போது போன் அதிர்ந்தது. வாய்ஸ் மெசேஜ். நாலரை நிமிஷம்.

"ம்மா, இந்த எஃப் போட்டது இருக்குல்ல, அதுல டிஸ்ப்ளே வராதும்மா. தனியா கிராபிக்ஸ் கார்டு போட்டாதான் படமே தெரியும். கார்டு ரிப்பேர்னு வெச்சுக்கோ, கம்ப்யூட்டரே சும்மா டப்பா மாதிரி ஒக்காந்திருக்கும். கடைக்காரன் சொன்னானா இத? சொல்லிருக்க மாட்டான். ஆனா அதுவும் மோசமில்ல, எப்படீன்னா..."

இப்படியே போகிறது. குரல் மாறியிருக்கிறது, அவன் தாத்தா குரல் மாதிரி அடியில் ஒரு கரகரப்பு. நடுவில் யாரோ கதவைத் தட்ட, "இருங்கப்பா, அம்மாகூட பேசிட்டிருக்கேன்" என்கிறான். தொழில்நுட்ப விஷயம் ஒரு தடவையில் புரியாது என்பதால் மூன்று தடவை கேட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. அரை டம்ளர் அரிசி போட்டேன், அதுவும் மிஞ்சியது. ஒரு ஆளுக்குச் சமைப்பது சுலபம், பாத்திரம் குறைவு.

ஏப்ரல் 5, வெள்ளி

மறுபடி கடை. கோர் என்றால் என்ன என்று கிருபாகரனிடமே கேட்டேன். "ஆறு கோர்னா ஆறு பேரு வேலை செய்யறாப்ல வெச்சுக்கங்க்கா. எட்டு கோர்னா எட்டுப் பேரு. கேமுக்கு ஆறு பேரு தாராளமுங்." ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் நாலு கவுண்டர், அதில் இரண்டுதான் திறந்திருக்கும். இது புரியாமல் இருக்குமா?

வீட்டுக்கு வந்து மிதுனுக்கு அனுப்பினேன்: "கோர்னா என்னன்னே வெளங்கலையே கண்ணு."

ஆறு நிமிஷம் இருபது செகண்டு. கடைசியில், "இப்ப புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டிருந்தான். பாதி புரிந்தது என்று சொன்னேன். அப்படியென்றால் நாளைக்கு மீதியைச் சொல்கிறேன் என்றான்.

ஏப்ரல் 6, சனி

மீதியைச் சொன்னான்.

ஏப்ரல் 8, திங்கள்

இன்று போனே வந்தது. ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன், அப்படியே ஸ்பீக்கரில் போட்டுக் கொண்டேன்.

"ம்மா, என்னக் கேட்டா ரைசன் 7600தான். ஏன்னு சொல்றேன். ஐ5க்கு இருக்கற போர்டு பழசு, அதோட முடிஞ்சுபோச்சு. இது புது போர்டு. மூணு வருஷம் கழிச்சு ப்ராசஸர மட்டும் கழட்டிட்டு வேற நல்லதா மாட்டிக்கலாம்."

"மூணு வருஷம் கழிச்சா? யாரு மாட்டுவா?"

"நாந்தாம்மா. வேற யாரு?"

கடுகு தீய்ந்துவிட்டது. மூன்று வருஷம் என்றால் அவனுக்கு இருபது முடிந்திருக்கும். அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டான்.

"அப்புறம் இதுல ஃபேன் பாக்ஸுக்குள்ளயே வரும். கூலர்னு தனியா வாங்கச் சொன்னா வாங்காத, ஏமாத்தறாங்க" என்றான். சரி என்றேன். ரசம் கசந்தது, சாப்பிட்டுவிட்டேன்.

ஏப்ரல் 10, புதன்

கிருபாகரன் மத்தியானமே போன் செய்தார். "அக்கா, 7600 ஒரே பீஸ்தான் நிக்குதுங். அடுத்த லோடு எப்ப வரும்னு தெரியலீங். எடுத்து வெக்கட்டுங்களா?"

எதை வாங்குவது என்பது எட்டாம் தேதியே முடிந்துபோன விஷயம். பர்மிஷன் போட்டுப் போய் வாங்கி வந்தேன். கையடக்கமான பெட்டி, பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் சில்லு தெரிகிறது. இவ்வளவு பேச்சும் இந்தப் பிஸ்கட் அளவுச் சாமானுக்குத்தான். சீலைப் பிரித்துப் பார்த்தேன். ஃபேனும் உள்ளே இருந்தது, பிள்ளை சொன்னது சரி. பீரோ மேல் வைத்தேன்.

வாங்கியாச்சு என்று அவனுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். அதற்குள் அவனிடமிருந்தே ஒன்று வந்து கிடந்தது. "ம்மா, எட்டு கோரும் பாத்துடலாமா? அவசரப்படாத. ரெண்டையும் கம்பேர் பண்ணி ஒரு வீடியோ இருக்கு, பாத்துட்டு சொல்றேன்."

"ஆமா கண்ணு, எனக்கும் அதான் குழப்பமா இருக்குது. நிதானமாப் பாத்துச் சொல்லு" என்று அனுப்பினேன்.

பொய் என்று ஏதும் இல்லை. குழப்பம் என்றுதான் சொன்னேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. வடை சுட்டேன், நாலு. மேல் வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள், கொடுக்க ஆளில்லை. வேப்பம்பூவைக் கரண்டியில் வறுத்துப் பச்சடியில் போட்டேன்.

சாயங்காலம் மிதுன் கூப்பிட்டான். வாழ்த்துச் சொல்ல மறந்துவிட்டான். எட்டு கோர் எடுத்தால் சூடு எவ்வளவு கூடும், கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. நடுவில் தானாகவே, "இங்க அப்பா சமையல் ஒரே உப்பும்மா" என்றான். பள்ளியில் ஒருத்தன் இவனோடு பேசுவதை நிறுத்திவிட்டானாம், அதையும் சொன்னான். "ஏண்டா?" என்றேன். "தெரியலம்மா. அவனா பேசல, நானும் கேக்கல. சரி விடு, கரண்ட் விஷயத்துக்கு வா" என்றான்.

விவாகரத்து ஆன இந்த ஐந்து வருஷத்தில் அவன் என்னிடம் இத்தனை பேசியதில்லை. கரண்ட் விஷயத்துக்கு வந்தேன்.

ஏப்ரல் 17, புதன்

பக்கத்துக் கவுண்டர் ரெஜினா கேட்டாள். "ஏன் சாந்தாமணி, போன வாரமே அந்தச் சாமானை வாங்கிட்டேன்னு சொன்ன. இன்னும் போன்ல எது வாங்கறது எது வாங்கறதுன்னு பேசிட்டிருக்க. அந்தக் கடையில வேலைக்குச் சேந்துட்டியா?"

"முடிவு பண்ணிட்டா அவன் எதுக்குப் பேசுவான்?" என்று வாயில் வந்துவிட்டது. ரெஜினா சிரிக்கவில்லை. டிபன் டப்பாவில் இருந்த பலாச்சுளையை என் பக்கம் தள்ளினாள். பாவம் பார்க்கிறாளாம். எனக்கு அதெல்லாம் பிடிக்காது. பழம் நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

மே ஒன்பதாம் தேதி ஏற்காடு எக்ஸ்பிரஸில் அவனுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. சைடு லோயர். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வரலாம்.

ஏப்ரல் 18, வியாழன்

சந்தேகங்கள் தீர்ந்துகொண்டே வருகின்றன. இன்று காலை கவுண்டரில் கூட்டம் இல்லாதபோது உட்கார்ந்து புதுசாக மூன்று யோசித்தேன். ஒரு சங்கடமும் இருக்கிறது. நேற்று அவன் 7600-இன் நம்பர் ஒன்றைத் தப்பாகச் சொன்னான். "பன்னெண்டு த்ரெட்டுடா" என்று நான் திருத்திவிட்டேன். "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றான். "கடைக்காரர் சொன்னாரு" என்று சமாளித்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

வீடியோ கால். அவனே செய்தான். மானிட்டர் எங்கே வைப்பது, பிளக் எங்கே இருக்கிறது, டேபிளைக் காட்டு என்றான். முடியை வளர்த்துக் கண்ணில் விழுகிற மாதிரி விட்டிருக்கிறான். மீசை அரும்பியிருக்கிறது. நன்றாக இல்லை, ஆனால் சொல்லவில்லை.

போனைப் பிடித்துக்கொண்டு அறை முழுக்கக் காட்டினேன். "இங்க கட்டில், இங்க ஜன்னல், திரை போன வருஷம் தொவச்சது, இந்த மூலையில பிளக்கு இருக்குது பாரு."

"ம்மா, கொஞ்சம் மேல காட்டு" என்றான். காட்டினேன். "சரி, கீழ எறக்கு" என்றான். அப்புறம், "ம்மா, வெக்கறேன், படிக்கணும்" என்று வைத்துவிட்டான்.

போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் திரும்பினேன். பீரோ மேல் அந்தப் பெட்டி, பேரும் நம்பரும் இந்தப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

ஏப்ரல் 22, திங்கள்

"எட்டு கோர்னா கரண்ட் பில் எவ்வளவு கூடும் கண்ணு?" என்று கேட்டிருந்தேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

இல்லை.

ஏப்ரல் 25, வியாழன்

தெரிந்துவிட்டது அவனுக்கு. அம்மா வாங்கி வைத்துக்கொண்டே தன்னைப் பேசவைத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பான். உட்கார்ந்து வீடியோ பார்த்து, கம்பேர் பண்ணி, நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கொடுத்தானே. அதெல்லாம் விளையாட்டுக்கா என்று கோபம் வரத்தானே செய்யும்? எனக்கே வரும்.

விளக்கம் சொல்லி மூன்று தடவை டைப் அடித்தேன். 'நீ பேசுவாய் என்பதற்காக' என்று எழுதினால் அதைப் படிக்கும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று யோசித்தேன். அழித்துவிட்டேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

மிதுன் அப்பா கூப்பிட்டார். அவர் கூப்பிட்டால் நல்ல சேதி இருக்காது. நலம் விசாரித்தால் நிச்சயமாக இருக்காது. விசாரித்தார்.

"சாந்தா, அவனுக்கு மே பூரா க்ராஷ் கோர்ஸ் போட்டிருக்காங்க. நடுவுல விட்டா கஷ்டம்னு சார் சொல்றாரு. இந்த ஒரு வருஷம் நீ அனுசரிச்சுக்கணும்."

"இந்த ஒரு வருஷந்தான் இருக்குது."

"தெரியும். ஆர்டர் இருக்கு, நீ முடியாதுன்னு சொல்லலாம். நான் தடுக்க மாட்டேன். அனுப்பித்தான் வைக்கணும். அவன் படிப்ப யோசிச்சுப் பாரு."

இந்த மனுஷன் எப்போதும் இப்படித்தான். முடிவையும் அவரே எடுத்துவிட்டு, கெட்ட பேரை மட்டும் என் கையில் கொடுப்பார். 

"மிதுன் என்ன சொன்னான்?"

"அவன் ஒண்ணும் சொல்லல."

அதுதான் வலித்தது. வர முடியாது என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, படிக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆர்டரைக் காட்டி அவனைக் கூட்டி வந்து அந்த மூலையில் உட்காரவைத்து நான் என்ன செய்வது?

ஏப்ரல் 29, திங்கள்

டிக்கெட்டை ரத்து செய்தேன். என் கவுண்டரில் செய்ய மனசு வரவில்லை, ரெஜினா கவுண்டருக்குப் போனேன். அவள் பேரைப் பார்த்துவிட்டுச் செய்து கொடுத்தாள். அந்த சைடு லோயர் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிற யாருக்கோ போயிருக்கும்.

மே 1, புதன்

லீவு. திரைகளைத் துவைத்தேன்.

மே 2, வியாழன்

பழைய வாய்ஸ் மெசேஜ்களை ஒரு தடவை கேட்டேன். எல்லாமே தெரிந்த விஷயம்தான். "இருங்கப்பா, அம்மாகூட பேசிட்டிருக்கேன்" என்கிற இடம் மட்டும் இரண்டு தடவை கேட்டேன். இந்த வீட்டில் எனக்குப் பயமாக இருக்கிறது. திருடனுக்கில்லை. அக்டோபருக்குப் பிறகும் இதே மாதிரி நாள்கள் வரும், வரிசையாக வரும், அதற்குத்தான்.

மே 4, சனி

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இல்லாத கம்ப்யூட்டரின் ஒரே ஒரு சில்லை வைத்துக்கொண்டு நான் என்ன பூஜையா செய்யப்போகிறேன்?

கடையில் கூட்டம். கிருபாகரன் யாருக்கோ லேப்டாப் காட்டிக்கொண்டிருந்தார். "அஞ்சு நிமிசமுங்க்கா, ஒக்காருங்க" என்றார். வழக்கமான ஸ்டூலில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். சீல் பிரித்ததை எடுத்துக்கொள்வாரா, என்ன சொல்லிக் கேட்பது என்று மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் அதிர்ந்தது. மிதுன். வாய்ஸ் மெசேஜ், இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. காதோடு வைத்துக் கேட்டேன்.

"ம்மா, நாந்தான். அப்பா ஒங்கிட்ட பேசினேன்னு சொன்னாரு. நீ ஆர்டரக் காட்டி சண்டை போடுவேன்னு நெனச்சேன். போடல. மே முப்பத்தொண்ணோட கிளாஸ் முடியுது. ஜூன் ஒண்ணாந்தேதி நைட்டு நானே டிக்கெட் போட்டுட்டேன். ஸ்கூல் தெறக்கற வரைக்கும் அங்கதான் இருப்பேன். அப்பாகிட்ட சொல்லிட்டேன், கேக்கல, சொன்னேன். மத்த சாமானெல்லாம் வாங்கி வை. ஆனா கடைக்காரங்கள மாட்ட விடாத. நான் வந்து மாட்டறேன். அப்புறம்..."

ஃபேன் சத்தம் கேட்டது.

"பீரோ மேல வெச்சிருக்கறத உள்ள எடுத்து வைம்மா. தூசி படும்."

நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். கிருபாகரன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்டேன்.

"அப்புறம்மா, ஒரு முக்கியமான விஷயத்த விட்டுட்டோம். கூலர் எது வாங்கறதுன்னு நாம இன்னும் பேசவே இல்ல. அதுல நெறய இருக்கு. ஒனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல? நாளைக்கு சாயங்காலம் கூப்புடறேன். எல்லாம் மொதல்லருந்து சொல்லணும்."

ஆர்டரில் மே மாதம் என்றுதான் இருக்கிறது. ஜூனைப் பற்றி எந்த ஜட்ஜும் எதுவும் எழுதவில்லை.

கிருபாகரன் வந்தார். மஞ்சப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "என்னங்க்கா, ரிட்டனுங்களா?"

"இல்லீங். கூலர் பாக்கலாம்னு வந்தேன்."

"கூலருங்களா? அது உங்க டப்பாவுக்குள்ளயே இருக்குதுங்களே. அந்த ப்ராசஸருக்கு அதே போதுமுங்க்கா."

"தெரியுங்க" என்றேன். "இருந்தாலும் என்னென்ன இருக்குதுன்னு நாலஞ்சு காட்டுங்க."

அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன். மிதுனுக்கு ஒரு வரி டைப் அடித்து அனுப்பினேன்.

"ஆமா கண்ணு, கூலர்னா என்னன்னே எனக்குத் தெரியாது."